இலவசக் கணிதப் புதிர்கள்: பிள்ளையின் கையில் போனைக் கொடுத்தால் மட்டும் போதுமா?

ஜொகூரில், குளுவாங் மாவட்டத்தில் இருக்கிறது லாயாங் லாயாங். சிறிய பட்டணம், ஒரு ரயில் நிலையம், சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். பெரிய நகரங்களைப் போலத் தெருவுக்கு ஒரு டியூஷன் சென்டர் இங்கே இருக்காது. ஆனால் போன் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தயாரித்த கணிதப் புதிர் ஒன்றை, கோலாலம்பூர் பிள்ளை பார்க்கும் அதே நிமிடத்தில் லாயாங் லாயாங் பிள்ளையும் பார்க்கலாம். கட்டணம் ஒரு சென் கூடக் கிடையாது.

அப்படியென்றால் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? இல்லை. புதிர் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாகவே இருக்கலாம். தமிழும் ஆங்கிலமும் மலாயும் தெரிந்த ஓர் அக்காவோ, அண்ணனோ, சித்தியோ, மாமாவோ என்ன செய்யலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

ஏன் இதைப் பற்றி இப்போது பேச வேண்டும்?

எண்கள் நல்ல செய்தி சொல்லவில்லை. டிம்ஸ் என்ற அனைத்துலகக் கணித, அறிவியல் மதிப்பீட்டில் மலேசியா முதன்முதலில் கலந்துகொண்டது 1999-இல். அப்போது நம் இரண்டாம் படிவ மாணவர்கள் கணிதத்தில் பெற்ற சராசரி 519. 2011-இல் அது 440-க்கு இறங்கியது. 2015-இல் 465, 2019-இல் 461 என்று கொஞ்சம் நிமிர்ந்தது. 2023-இல் 411. இந்த மதிப்பீட்டின் நடுப்புள்ளி 500.

பதினைந்து வயது மாணவர்களைச் சோதிக்கும் பீசா மதிப்பீட்டிலும் இதே கதைதான். 2018-இல் 440 ஆக இருந்த கணிதப் புள்ளி 2022-இல் 409 ஆனது. இடையில் கோவிட் வந்தது உண்மை. ஆனால் 1999-இலிருந்து பார்த்தால் சரிவு கோவிட்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது தெரியும்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்டது. பரீட்சை அழுத்தம் குறைந்தது பிள்ளைகளுக்கு நல்லதே. அதே சமயம், ஆறாம் ஆண்டு முடியும்போது "எங்க பிள்ளைக்குக் கணக்கு புரியுதா?" என்று பெற்றோருக்குக் காட்டிக்கொடுத்த ஒரு பொதுவான அளவுகோலும் போய்விட்டது. வீட்டில் இருப்பவர்கள் தாங்களே உட்கார்ந்து பார்த்தால்தான் இப்போது அது தெரியவரும்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு இதில் கூடுதலாக என்ன சிக்கல்?

மொழி. தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளை 'பின்னம்' என்று கற்கிறது. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அதே பொருள் 'பெச்சாஹான்' ஆகிவிடுகிறது. இணையத்தில் தேடினால் 'ஃப்ராக்‌ஷன்' என்று வருகிறது. பெருக்கல் பிறகு 'டாராப்', அதற்கும் பிறகு 'மல்டிப்ளை'. பொருள் ஒன்றுதான், பெயர்தான் மூன்று.

புதிரில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். வெறும் 24 ÷ 6 என்றால் எந்த மொழியும் வேண்டாம். ஆனால் நல்ல புதிர் என்பது பெரும்பாலும் ஒரு சின்னக் கதை. கதையைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாத பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் அந்தப் பிள்ளை கணக்கு வரைக்கும் போய்ச் சேரவே இல்லை. ஆங்கிலச் சொல்லிலேயே நின்றுவிட்டது.

இருமொழி தெரிந்த உங்களுக்கு இங்கேதான் வேலை. நீங்கள் கணித ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. கேள்வியைத் தமிழில் சொல்ல முடிந்தால் போதும்.

புதிருக்கும் பயிற்சிக்கும் என்ன வித்தியாசம்?

இலவசக் கணிதச் செயலிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வாய்பாட்டை வேகமாகச் சொல்ல வைக்கும் பயிற்சி. 7 × 8 என்று திரையில் வரும், மூன்று விநாடிக்குள் 56-ஐத் தட்ட வேண்டும், தட்டினால் நட்சத்திரம். இதுவும் தேவைதான். வாய்பாடு தெரியாமல் மேலே போக முடியாது. ஆனால் தெரிந்ததை வேகமாக்குவதுதான் இதன் வேலை. தெரியாததைப் புரிய வைக்காது.

கணக்கைக் கண்டாலே பயப்படும் பிள்ளைக்கு ஓடும் கடிகாரம் இன்னொரு சுமை. மனக்கணக்குப் போடும்போது எண்களை மனதில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பதற்றம் வந்தால் அந்த இடத்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்ளும். தெரிந்த விடைகூட அப்போது வராது.

இரண்டாவது வகைதான் புதிர். அதில் எப்படிப் போவது என்று யாரும் முன்கூட்டியே சொல்லித் தருவதில்லை. முயன்று பார்க்கணும், தப்பாகப் போகணும், திரும்பி வரணும். ஒரு நல்ல புதிரை ஏழு வயதுப் பிள்ளையும் தொடங்கலாம். பதினேழு வயதுப் பிள்ளைக்கும் அதில் யோசிக்க ஏதாவது மிச்சம் இருக்கும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் நடந்த ஓர் ஆய்வு 2015-இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. முதல் வகுப்புப் பிள்ளைகள் 587 பேரும் அவர்கள் குடும்பங்களும் அதில் பங்கேற்றனர். 'பெட்டைம் மேத்' என்ற இலவசத் திட்டத்தின் கதைக்கணக்குகள் கொண்ட செயலி ஒரு பிரிவினருக்குத் தரப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு வாசிப்புச் செயலி. படுக்கப் போகும் முன் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஒரு சின்னக் கதையைப் படித்து, அதிலுள்ள கணக்கைப் பற்றிப் பேச வேண்டும். அவ்வளவுதான்.

அந்தக் கணிதச் செயலியை அதிகம் பயன்படுத்திய குடும்பங்களின் பிள்ளைகள் ஆண்டு முடிவில் கணிதத்தில் முன்னேறியிருந்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை பயன்படுத்திய வீடுகளில்கூட வித்தியாசம் தெரிந்தது. அதிலும் கணக்கென்றாலே பயப்படும் பெற்றோரின் பிள்ளைகளுக்குத்தான் பலன் அதிகம்.

அதே ஆண்டு, அதே ஆய்வாளர் வட்டாரத்திலிருந்து இன்னொரு முடிவும் வந்தது. இதைக் கவனமாகப் படியுங்கள். கணக்குப் பயம் உள்ள பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்துக்கு உதவினால், பிள்ளை அந்த ஆண்டு கற்பது குறைந்தது, பயமும் கூடியது. "எனக்கும் இது வரவே வராது", "இதுகூடத் தெரியலையா?" என்ற பேச்சோடு வரும் உதவி, பயத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பெரியவர் பக்கத்தில் உட்காருவது உதவலாம், கெடுக்கவும் செய்யலாம். எதைப் பேசுகிறோம், எப்படிப் பேசுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பேச ஒரு நல்ல கதையும் ஒரு கேள்வியும் கையில் இருந்தால், கணக்குக்குப் பயப்படும் அம்மாவும் பயமில்லாமல் பேசுவார்.

சரி, எங்கே கிடைக்கும்?

என்ரிச்: கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் திட்டம், 1996-இல் தொடங்கியது. வயது வாரியாகப் புதிர்களும் விளையாட்டுகளும் உண்டு. பல புதிர்களில் எப்படித் தொடங்குவது என்று சின்னக் குறிப்பு இருக்கும். மற்ற மாணவர்கள் அனுப்பிய விடைகளையும் வெளியிடுகிறார்கள். விடையைவிட அதை அடைந்த வழிக்குத்தான் அங்கே மதிப்பு.

ஃபெட்: அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன். பின்னத்தைத் துண்டுகளாக வெட்டி ஒட்டிப் பார்க்கலாம், பரப்பளவைக் கட்டங்களால் கட்டிப் பார்க்கலாம். மலாய், தமிழ் உட்படப் பல மொழிபெயர்ப்புகள் உண்டு, எல்லாப் பகுதிக்கும் இல்லாவிட்டாலும். பலவற்றை இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலும் இயக்கலாம். டேட்டாவை எண்ணிச் செலவு செய்யும் வீட்டுக்கு இது பெரிய உதவி.

கென்கென்: 2004-இல் ஜப்பானியக் கணித ஆசிரியர் டெட்சுயா மியாமோட்டோ தம் மாணவர்களுக்காக உருவாக்கியது. சுடோக்கு மாதிரிதான், ஆனால் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் உள்ளே இருக்கும். மொழியே வேண்டாம். 3 × 3 கட்டத்தில் தொடங்கலாம்.

கான் அகாடமி: சல்மான் கான் தம் உறவுக்காரப் பிள்ளைக்குத் தூரத்திலிருந்து கணக்குச் சொல்லிக் கொடுத்ததில் பிறந்தது. இது புதிர்த் தளம் அல்ல, பாடமும் பயிற்சியும் தரும் தளம். ஒரு புதிரில் பிள்ளை மாட்டிக்கொண்டு, அடிப்படையே விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்தால் இங்கே வரலாம்.

டெலிமா: நம் கல்வி அமைச்சின் தளம், 2020-இல் தொடங்கியது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இதற்கான கணக்கு உண்டு. கடவுச்சொல் மறந்துவிட்டால் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

வீட்டில் இணையம் சரியில்லையா? முன்பு பெடி என்று அழைக்கப்பட்ட சமூக இணைய மையங்கள் இப்போது 'நாடி' என்ற பெயரில் இயங்குகின்றன. உங்களுக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து என்ன பேசுவது?

ஹங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் ஜார்ஜ் பொலியா 1945-இல் வெளியிட்ட புத்தகத்தில் புதிரை அணுக நான்கு படிகளைச் சொன்னார். கேள்வியைப் புரிந்துகொள், ஒரு திட்டம் போடு, செய்து பார், முடிந்ததும் திரும்பிப் பார். வீட்டுத் தமிழில் இவை நான்கு கேள்விகளாகிவிடும்.

"என்ன கேட்டிருக்காங்க? உன் சொந்த வார்த்தையில சொல்லு."

"எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? சின்ன எண் போட்டுப் பார்ப்போமா?"

"செஞ்சு பாரு. தப்பா வந்தா பரவாயில்ல."

"எப்படிக் கண்டுபிடிச்ச? வேற வழி இருக்கா?"

இவற்றில் கடைசிக் கேள்விதான் முக்கியம். விடை சரியாக இருந்தாலும் அதைக் கேளுங்கள். தப்பாக இருக்கும்போது மட்டும் கேட்டால், "எப்படி?" என்றாலே தப்பு என்று பிள்ளை புரிந்துகொள்ளும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். என்ரிச்சில் காரணி, மடங்கு விளையாட்டு ஒன்று இருக்கிறது. 1 முதல் 100 வரை எண்கள். முதல் ஆள் ஓர் எண்ணை அடிக்கிறார். அடுத்தவர் அந்த எண்ணின் காரணி ஒன்றையோ மடங்கு ஒன்றையோ அடிக்க வேண்டும். 10 என்றால் அடுத்து 20 வரலாம், பிறகு 40, பிறகு 8. ஒருமுறை அடித்த எண் திரும்ப வராது. யாருக்குப் போக வழியில்லையோ அவர் தோற்றார்.

இதில் ஒரு விதி உண்டு. முதல் எண், 50-க்குக் குறைந்த இரட்டை எண்ணாக இருக்க வேண்டும். ஏன்? அந்த விதியை எடுத்துவிட்டு ஆடிப் பாருங்கள். நீங்கள் 97 என்று தொடங்குங்கள். அது பகா எண், அதன் அடுத்த மடங்கு 100-ஐத் தாண்டிவிடும். பிள்ளைக்கு 1-ஐத் தவிர வேறு வழியில்லை. இப்போது நீங்கள் 89-ஐ அடிக்கிறீர்கள். அதுவும் பகா எண், 1 ஏற்கெனவே போய்விட்டது. ஆட்டம் முடிந்தது.

"இது அநியாயம்!" என்று பிள்ளை கத்தும். "ஏன் அநியாயம்? வேற எந்த எண் வச்சு இப்படி ஜெயிக்கலாம்?" என்று கேளுங்கள். 50-க்கு மேற்பட்ட பகா எண்களை அதுவே தேடத் தொடங்கும். புத்தகத்தில் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரு பட்டியல், ஜெயிக்கும் ஆயுதமாக மாறிவிடுகிறது.

லைன் இல்லையென்றால்?

தாளும் பென்சிலும் போதும். கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன், கேம்பிரிட்ஜில் இருந்தபோது ஒரு புதிரை எதிர்கொண்டார். 1914 டிசம்பர் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் வந்த புதிர் அது. நண்பர் மகலனோபிஸ் படித்துக் காட்ட, சமைத்துக்கொண்டிருந்த ராமானுஜன் அடுப்படியிலிருந்தே விடை சொன்னார் என்பது பலரும் எழுதிய செய்தி.

புதிர் இதுதான். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண்கள். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50-க்கு மேல், 500-க்குள் வீடுகள் இருந்தால் அந்த வீட்டின் எண் என்ன?

பெரிய கணக்கு மாதிரி இருக்கிறதா? சின்னதாக ஆக்குங்கள். உங்கள் தாமானில் எட்டு வீடு உள்ள ஒரு வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 6-ஆம் எண் வீட்டு வாசலில் நில்லுங்கள். ஒரு பக்கம் 1 + 2 + 3 + 4 + 5 = 15. மறுபக்கம் 7 + 8 = 15. கூட்டல் தெரிந்த இரண்டாம் ஆண்டுப் பிள்ளை இதைச் சரிபார்க்கும். "வேற எத்தனை வீடு இருந்தா இப்படி வரும்?" என்று கேட்டால் அண்ணன்மாருக்கும் வேலை வந்துவிடும். அடுத்தது 49 வீடுகள் உள்ள தெருவில் 35-ஆம் வீடு. ராமானுஜனிடம் கேட்டதற்கு விடை 288 வீடுகள், 204-ஆம் எண். எட்டு வீட்டில் தொடங்கிய பிள்ளை ராமானுஜன் யோசித்த அதே கேள்வியைத்தான் யோசிக்கிறது.

இன்னொன்று, லாயாங் லாயாங்கின் பெயரிலேயே இருக்கிறது. ஊர்ப் பெயருக்கு மலாயில் பட்டம் என்று பொருள். பட்ட வடிவத்துக்கு இடைநிலைப்பள்ளிப் பாடநூலில் வரும் சொல் 'லெலாயாங்'. பட்டம் செய்ய 40 சென்டிமீட்டர் குச்சி ஒன்று, 30 சென்டிமீட்டர் குச்சி ஒன்று, இரண்டையும் குறுக்காகக் கட்டியாயிற்று. எவ்வளவு தாள் வேண்டும்? சூத்திரத்தைச் சொல்லாதீர்கள். பட்டத்தைச் சுற்றி 40-க்கு 30 செவ்வகம் வரைந்து, வெளியே மிஞ்சும் நான்கு மூலைகளையும் வெட்டி, திருப்பிப் பட்டத்தின் மேல் பொருத்தச் சொல்லுங்கள். மூலைகள் பட்டத்தை அப்படியே மூடிவிடும். அப்படியானால் பட்டம் செவ்வகத்தில் சரிபாதி, 600 சதுர சென்டிமீட்டர். முதலாம் படிவத்தில் அந்தச் சூத்திரம் மலாயில் வரும்போது, "இது நான் வெட்டி வச்சுப் பார்த்ததாச்சே" என்று பிள்ளைக்குத் தோன்றும்.

கதைக்கணக்கை நீங்களே உருவாக்கலாம். தோட்டத்துப் பிள்ளைக்குச் செம்பனைக் குலை தெரியும். சின்னவளிடம், தள்ளுவண்டியில் 4 குலை, இன்னும் 3 போட்டால் எத்தனை என்று கேளுங்கள். நடுவுள்ளவனிடம், ஒரு குலை 20 கிலோ என்றால் 6 குலை எத்தனை கிலோ? பெரியவளிடம், 5 டன் ஏற்றும் லோரிக்கு எத்தனை குலை? ஒரே கதை, மூன்று பிள்ளைகள், மூன்று கேள்விகள். பாட்டியிடம் பல்லாங்குழியோ பக்கத்து வீட்டில் சொங்காக்கோ இருந்தால் இன்னும் நல்லது. "இந்தக் குழியில இருந்து எடுத்தா கடைசி முத்து எங்க விழும்?" என்று எடுப்பதற்கு முன் சொல்ல வைத்தால் அதுவும் கணக்குதான்.

கவனிக்க வேண்டியவை

'இலவசம்' என்று போட்டிருப்பதெல்லாம் இலவசம் இல்லை. விளம்பரம் குறுக்கே வருகிறதா, நான்காம் கட்டத்துக்குப் போகப் பணம் கேட்கிறதா என்று முதலில் நீங்கள் ஆடிப் பாருங்கள். பிள்ளையின் முழுப் பெயர், பள்ளி, படம் கேட்கும் செயலி வேண்டாம். நல்ல புதிர்த் தளங்கள் பலவற்றில் பதிவு செய்யாமலேயே ஆடலாம்.

நேரத்துக்கு எல்லை வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு புதிர், பத்துப் பதினைந்து நிமிடம். விடை வராவிட்டால் மூடிவிட்டு நாளைக்குப் பார்க்கலாம். உடனே விடையைக் காட்டினால் புதிர் அங்கேயே செத்துவிடும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். புதிர் ஆசிரியருக்கு மாற்று கிடையாது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கழித்தலே தடுமாறுகிறது என்று தெரிந்தால், ஒளிக்காமல் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். எங்கே தடுமாறுகிறது என்று நீங்கள் குறிப்பாகச் சொன்னால் அவருக்கும் வேலை சுலபம்.

இன்று இரவு தொடங்க

தம்பியையோ தங்கையையோ கூப்பிடுங்கள். நீங்கள் வேறு ஊரில் வேலை செய்கிறீர்கள் என்றால் வாட்ஸ்அப் அழைப்பு போதும். எட்டு வீட்டுக் கணக்கைத் தமிழில் சொல்லுங்கள். விடையைச் சொல்லாதீர்கள். பிள்ளை ஏதாவது ஒரு வீட்டைச் சொல்லும், அனேகமாக 4 அல்லது 5, ஏனென்றால் அவைதான் நடுவில் இருக்கின்றன.

"ஏன் அந்த வீடு?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை காத்திருங்கள்.